ஒரு பிணைப்பை மட்டும் உடைக்க லேசருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

[திரையில்: அதிரும் மூலக்கூறு, ஒரு பிணைப்பு மட்டும் சிவப்பில்]

வணக்கம். இந்தச் சிவப்புப் பிணைப்பு மட்டும் உடைய வேண்டும், மற்றவை அப்படியே இருக்க வேண்டும். சூடாக்கினால் பெரும்பாலும் பலவீனமான பிணைப்புத்தான் முதலில் போகும். நாங்கள் கேட்டது அதுவல்ல.

1960இல் லேசர் வந்ததும், அந்தப் பிணைப்பு அதிரும் மீடிறனுக்கு ஒளியைப் பொருத்தினால் போதும் என்று பலர் நம்பினார்கள். ஆனால் ஏற்றிய சக்தி சில பிகோசெக்கன்களுக்குள் (ஒரு பிகோசெக்கன் என்பது ஒரு செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) மூலக்கூறு முழுக்கப் பரவிவிடுகிறது. மிஞ்சுவது வெறும் சூடு.

அது பரவ முன்னரே வேலை முடிய வேண்டும். அதற்குத்தான் பெம்டோசெக்கன் துடிப்புகள், அதாவது மிகக் குறுகிய லேசர் ஒளி வெட்டுகள். ஒரு செக்கனைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் பெம்டோசெக்கன். அந்த நேர அளவில் இரசாயனத் தாக்கங்களைப் பார்த்துக் காட்டியதற்கே அகமது செவைலுக்கு 1999இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

[திரையில்: துடிப்பின் வடிவம் மாறிக்கொண்டே இருக்கிறது]

சரி, துடிப்பு என்ன வடிவில் இருக்க வேண்டும்? இங்கேதான் கணினி வருகிறது. எட்டரைக்குக் கோட்டையில் நிற்க வேண்டுமென்றால், வெள்ளவத்தையில் எத்தனை மணிக்கு பஸ் ஏறவேண்டும் என்று பின்னோக்கித்தானே கணக்குப் போடுவோம்? கணினியும் அதைத்தான் செய்கிறது. ஒரு துடிப்பை ஊகித்து, மூலக்கூறு நேரத்தோடு எப்படி மாறும் என்று சொல்லும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை நேரத்தில் முன்னோக்கித் தீர்க்கும். பிறகு, வேண்டிய முடிவிலிருந்து பின்னோக்கித் தீர்க்கும். இரண்டையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு கணத்திலும் துடிப்பைத் திருத்தும். திரும்பத் திரும்ப.

இதில் அணுக்களின் எண்ணிக்கைதான் பெரிய தடை. அணுக்களுக்கு இடையிலான ஒவ்வொரு தூரத்துக்கும் 100 புள்ளிகள் என்று வைப்போம். இரண்டு அணுக்களுக்கு ஒரு தூரம்தான், 100 எண்கள் போதும். மூன்றுக்கு மூன்று தூரங்கள், பத்து இலட்சம் எண்கள். நான்குக்கு ஆறு தூரங்கள், ஓர் இலட்சம் கோடி!

அதனால் 1992இல் ஜட்சன், ராபிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் வேறு வழி சொன்னார்கள்: பரிசோதனையின் விளைவைப் பார்த்துப் பார்த்து லேசரே துடிப்பைத் திருத்தட்டும். 1998இல் ஜெர்மனியின் வூர்ஸ்பேர்க்கில் கெர்பரின் குழு இந்த முறையில் ஓர் இரும்புச் சேர்வை உடையும் விதத்தையே மாற்றிக் காட்டியது. ஆனாலும் அந்தத் துடிப்பு ஏன் பலித்தது என்பதைப் பரிசோதனை மட்டும் சொல்லாது. எனக்குக் கணினியில் உருவகப்படுத்தல் முக்கியமாகப்படுவது அதனால்தான்.

[திரையில்: மடிக்கணினியில் ஒரு வரைபு]

இதற்குக் கொழும்பில் லேசர் ஆய்வுகூடம் தேடி அலையத் தேவையில்லை. ஒரு மடிக்கணினியும், பைத்தன் என்ற நிரலாக்க மொழியும், கியூடிப் (QuTiP) என்ற இலவச மென்பொருளும் போதும். உயர்தரம் முடித்துவிட்டு பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகள் இரண்டு சக்தி மட்டங்களோடு தொடங்கலாம். ஒளியின் மீடிறனை மட்டங்களின் இடைவெளிக்குப் பொருத்துங்கள். துடிப்பின் வலிமையை நேரத்தோடு வரைந்தால் கோட்டுக்குக் கீழே வரும் பரப்பை பை (π) என்று வைத்தால் மூலக்கூறு முழுக்க மேல் மட்டத்துக்குப் போகும். இரண்டு பை என்று வைத்தால் திரும்பக் கீழே வரும். இதை வரைபில் பார்த்த பிறகு மூன்றாவது மட்டம் ஒன்றைச் சேருங்கள்.