சுவர் என்பது நம் வாத்தியார்கள்

மேடையில் வீற்றிருக்கும் கோயில் தலைவர் ஐயா அவர்களே, பழைய மாணவர் குழுவின் செயலாளர் தம்பி அவர்களே, நம் அழைப்பை மதித்து வந்திருக்கும் அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியை சயாமாஜி அவர்களே, நம் பர்மாவின் தட்டோனிலிருந்தும் மோல்மேனிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் பெரியவர்களே, சென்னை வியாசர்பாடியிலிருந்து இத்தனை தூரம் வந்திருக்கும் அக்கா அவர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சயாமாஜி அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். நம் பழைய பள்ளிக்கூடம் இன்று அவர் பொறுப்பில் இருக்கிறது. நம் தலைமை ஆசிரியர்கள் நால்வரின் படங்களை அங்கே மாட்டலாமா என்று போன மாதம் தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டோம். "சயா படத்தை, வாத்தியார் படத்தை, மாட்ட யோசிப்பார்களா?" என்று சொல்லிவிட்டு, அவரே ஆணியும் சுத்தியலும் கொண்டுவரச் சொன்னார். பர்மிய மக்களுக்குப் புத்தர், தம்மம், சங்கம், பெற்றோர், ஆசிரியர் என்று ஐந்தும் ஒரே வரிசையில் வணங்கத்தக்கவை. அந்த மனசு அவர் சொல்லில் இருந்தது. கோயில் தலைவர் ஐயாவுக்கும் நன்றி. மண்டபமும் கொடுத்து மதியச் சாப்பாட்டுச் செலவையும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

தலைமை ஆசிரியர்கள், வாத்தியார்கள், பள்ளி நூலகம் என்று மூன்றைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். பெயர்களையெல்லாம் செயலாளர் முன்னமே வாசித்துவிட்டார். அதனால் நான் எனக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். எங்கள் பெரிய வாத்தியார் வாரம் ஒருமுறையாவது இதைச் சொல்வார். அப்போது நான் கட்டடத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்த அந்தப் பள்ளியை ஊரே சேர்ந்து கட்டியது. ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பாங்கரையில் ஒரு டப்பா இருக்கும். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை அதில் போட்டுவிட்டுத்தான் பானையில் போடுவார்கள். சனிக்கிழமை வந்தால் பெரிய பையன்கள் சாக்கோடு வந்து வாங்கிப் போவார்கள். வாத்தியார்களுக்குச் சம்பளம் அந்த அரிசியிலிருந்துதான் வந்தது.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 1962 மார்ச் 2-ல் ஆட்சி ராணுவத்தின் கைக்கு மாறியது. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கடைகள் அரசுடைமை ஆயின. கப்பல் கப்பலாக நம் சனங்கள் சென்னைக்குப் புறப்பட்டார்கள். அந்த ஆண்டுகளில் இந்தியர் ஏறக்குறைய 3 லட்சம் பேர் போனதாகச் சொல்கிறார்கள். 1965-ல் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. நம் பள்ளியும் போனது.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் மூன்றாம் வகுப்பு. மழை தொடங்கியிருந்தது. இரண்டு அதிகாரிகள் வந்து பொருள்களைக் கணக்கெடுத்தார்கள். பெஞ்சு எத்தனை, மேசை எத்தனை, கரும்பலகை எத்தனை, சுவர்க் கடிகாரம் ஒன்று, மணி ஒன்று. பெரிய வாத்தியார் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பர்மிய மொழியில் எடுத்துச் சொன்னார். ஒரு பொருளைக்கூட மறைக்கவில்லை. உடைந்த நாற்காலியையும் காட்டி எழுதச் சொன்னார். கையெழுத்துப் போட்டார். சாவியைக் கொடுத்தார். எங்களைப் பார்த்து, "அவரவர் சிலேட்டை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்கடா" என்றார். நான் பயத்தில் சிலேட்டை விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

இரவு எட்டு மணி இருக்கும். கொட்டுகிற மழை. வாசலில் நாய் குரைத்தது. அப்பா அரிசி ஆலையில் இரவு வேலை. அம்மா விளக்கைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால், கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு பெரிய வாத்தியார் நிற்கிறார். குடை அவர் தலைக்கு மேல் இல்லை. மார்போடு அணைத்திருந்த ஒரு துணி மூட்டைக்கு மேல் சாய்ந்திருந்தது. மூட்டையைப் பிரித்தால் என் சிலேட்டு! அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை. "உள்ளே வாங்கய்யா, காப்பி போடறேன்" என்றார். "வேண்டாம்மா, இன்னும் நாலு வீடு இருக்கு" என்றார். என்னைப் போல இன்னும் நான்கு பேர் விட்டுவிட்டு ஓடியிருக்கிறோம்! போகும்போது என் தலையில் கை வைத்து, "நாளைக்குச் சாயங்காலம் கோயில் மண்டபத்துக்கு வந்துடு. ஆறாம் பாடத்தில் நிறுத்தியிருக்கோம்" என்றார்.

மறுநாள் போனோம். ஆறாம் பாடத்திலிருந்துதான் தொடங்கினார். கணக்கு வாத்தியாரும் வந்தார், பாட்டு சொல்லித்தந்த டீச்சரம்மாவும் வந்தார். மூவருக்கும் வேறு வருமானம் இல்லை. அம்மா டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்திருந்தார். அன்று இரவு அதை இறக்கித் துடைத்து மறுபடி ஒரு பிடி அரிசி போட்டார்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். அந்தச் சுவர் எதுவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கட்டடம் போன பிறகும் நாங்கள் எழுதப் படித்தோமே! என் கையெழுத்து அந்த மண்டபத்தில் வந்தது.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே மண்டபத்தில் நம் பேரப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற பெண்ணை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாரம் முழுவதும் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி வருகிறார். நாம் அவருக்குக் கொடுப்பது பஸ் காசு. வருஷத்துக்கு ஒரு பொன்னாடை. பர்மியப் பழைய மாணவர்கள் ஆசிரியர் வணக்க விழா வைக்கும்போது, தரையில் மண்டியிட்டுக் கும்பிட்டு, ஓய்வுபெற்ற சயாக்கள் கையில் பணம் வைத்த உறையைக் கொடுக்கிறார்கள். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் ஆகட்டும் என்று. நாம் ஏன் கூச்சப்படுகிறோம்? பூக்குழித் திருவிழாவில் மேளத்துக்கும் பூவுக்கும் தாராளமாகக் கொடுக்கிறோம், கொடுக்கவும் வேண்டும். சொல்லிக்கொடுப்பவருக்கு மாதச் சம்பளம் என்றால் மட்டும் 'சேவைதானே' என்கிறோம். சேவை செய்பவருக்கும் பசிக்கும் ஐயா. சம்பளம் இல்லாததால் போன ஐந்து வருஷத்தில் மூன்று பேர் விட்டுப்போனார்கள். ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் மறுபடி அ, ஆவிலிருந்து தொடங்கினார்கள். சுவர் இருந்தால்தானே சித்திரம்!

நூலகத்தைப் பற்றிப் பேச நேரமில்லை என்று செயலாளர் கைகாட்டுகிறார். சரி.

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். மேசைமேல் ஒரு நோட்டும், என் அம்மாவின் அந்த டப்பாவும் இருக்கும். நோட்டில் பெயரும், மாதம் எவ்வளவு முடியும் என்பதும் எழுதுங்கள். 1,000 கியாட் என்றாலும் எழுதுங்கள். இந்த மாதத்துக்கு வேண்டியதை நாங்கள் நாலைந்து பேர் சேர்த்துவிட்டோம். நம் ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மா பின்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார். மேடைக்கு வாம்மா. சயாமாஜி அவர்கள் தம் கையால் முதல் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.