முறுக்கு டப்பாவில் விதை வங்கி

நேயர்களுக்கு வணக்கம்.

மாடித்தோட்டம் போட்டவர்கள் எல்லாருக்கும் அந்த நாள் வரும். ஒரே வாரத்தில் ஏழு சுரைக்காய். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். கூட்டு வைத்தோம், அடையில் துருவிப் போட்டோம், அல்வாவும் கிண்டியாயிற்று. "இன்னைக்கும் சுரைக்காயா?" என்று வீட்டுக்காரி கேட்ட பிறகுதான் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கிருந்து ஒரு கட்டுப் பொன்னாங்கண்ணி வந்தது. மன்னார்குடியில் எங்கள் தெருக்காரர்கள் காய் பகிர ஆரம்பித்தது இப்படித்தான். பெரிய லட்சியம் எதுவும் இல்லை, காய் மிஞ்சிப்போனதுதான் காரணம்.

இப்போது 11 வீடுகள். ஞாயிறு காலையில் பிள்ளையார் கோயில் திண்ணையில் ஒரு கூடை இருக்கும். இருப்பவர் போடலாம், வேண்டியவர் எடுக்கலாம். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. இதனால் கடைக்குப் போவது நின்றுவிட்டது என்று சொன்னால் அது பொய். வெங்காயமும் உருளைக்கிழங்கும் கடையில்தான் வாங்குகிறோம். கீரை, கத்தரி, அவரை, முருங்கை, இவைதான் கூடையில் சுற்றிவருகின்றன.

கணக்கு எழுதுவது விதைக்கு மட்டும். அந்த யோசனை பக்கத்திலிருக்கும் திருத்துறைப்பூண்டியில் கிடைத்தது. அங்கே 2006-இல் தொடங்கிய நெல் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. 2 கிலோ பாரம்பரிய விதைநெல் வாங்கிப் போகிறவர், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். காசு கிடையாது. மறைந்த நெல் ஜெயராமன் தேடிச் சேர்த்த 170-க்கும் மேற்பட்ட ரகங்கள் இப்படித்தான் வயல் வயலாகப் பரவின. மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் இன்று கடையில் அரிசியாகக் கிடைப்பதில் அந்த வழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். 10 விதை வாங்கினால் 20 விதை. ஒரு பழைய முறுக்கு டப்பா, ஒரு நோட்டு, அவ்வளவுதான் எங்கள் வங்கி. ஆடியில் டப்பாவைத் திறப்போம்.

முதல் வருஷம் சொதப்பிவிட்டோம். ஒருவர் கடைப் பாக்கெட்டில் வந்த வீரிய ஒட்டுத் தக்காளியிலிருந்து, அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய தக்காளியிலிருந்து, விதை எடுத்துக் கொடுத்தார். முளைத்ததில் ஒரு செடி போல் இன்னொன்று இல்லை. சுரை இன்னும் வேடிக்கை. என் வீட்டில் நீளச்சுரை, எதிர்வீட்டில் குண்டுச்சுரை. அந்த விதையைப் போட்டால் மறுவருஷம் நீளமும் இல்லை, குண்டும் இல்லை, இரண்டுங்கெட்டானாக ஒன்று தொங்கியது. நெல்லில் இந்தத் தொல்லை குறைவு. அதன் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கருவுறும். அவரையும் அப்படித்தான். சுரைக்கோ பூச்சி வேண்டும், பூச்சிக்கு எதிர்வீடு, நம் வீடு என்ற கணக்கெல்லாம் கிடையாது.

அதனால் விதைக்கு என்று ஒரு காயை ஒதுக்குகிறோம். சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும். மறுநாள் மலரப்போகும் பெண் மொட்டை, அதாவது அடியில் குட்டிக் காயோடு இருப்பதை, முதல் நாளே நூலால் வாய் கட்டிவிட வேண்டும். அதே கொடியின் ஆண் மொட்டு ஒன்றையும் அப்படியே. மறுநாள் இருட்டும் நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவில் மெதுவாகத் தடவி, மறுபடியும் கட்டிவிட வேண்டும். காம்பில் ஒரு சிவப்பு நூல், யாரும் சமையலுக்குப் பறித்துவிடாமல் இருக்க. காய் கொடியிலேயே முற்றி, குலுக்கினால் உள்ளே விதை கடகடவென்று ஆட வேண்டும்.

சுரை பூக்கும் மாதங்களில் சாயங்காலம் எங்கள் தெருப் பக்கம் வந்தால், மொட்டைமாடிகளில் டார்ச் வெளிச்சம் அலைவதைப் பார்க்கலாம். திருடன் என்று நினைத்துவிடாதீர்கள். சுரைக்குக் கல்யாணம் நடக்கிறது.

வணக்கம்.