சேலத்துக்காரர் அரசிடம் வாங்கிய நூறு ரூபாய்

வணக்கம். அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுத்து, அதுவும் இலண்டனில் அமர்ந்து இந்தியாவை ஆண்டுகொண்டிருந்த அமைச்சரையே பிரதிவாதியாக நிறுத்தி, வென்று, நூறு ரூபாய் இழப்பீடும் வாங்கிய ஒருவர் நம் சேலத்தில் வாழ்ந்தார் என்றால் நம்புவீர்களா? நாடு விடுதலை அடையாத, வாக்குரிமை என்பது வரி கட்டும் சிலருக்கு மட்டுமே இருந்த 1884-ஆம் ஆண்டில் இது நடந்தது. அந்த நூறு ரூபாயைப் புரிந்துகொண்டால் அரசியலமைப்பு ஆட்சி என்பதில் பாதியைப் புரிந்துகொண்டதாக நான் கருதுகிறேன்.

பாடப்புத்தகப் பகுதியை முதலில் முடித்துவிடுவோம். அரசியல் நிர்ணய சபை 1949 நவம்பர் 26 அன்று ஏற்றுக்கொண்ட அரசியலமைப்புச் சட்டம் 1950 ஜனவரி 26 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சட்டமன்றம் சட்டம் இயற்றும், அரசு அதை நிறைவேற்றும், நீதிமன்றம் இரண்டையும் உரைத்துப் பார்க்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் இந்த ஒரே வாக்கியத்தை நம்பித் தேர்வறைக்குள் போய்விட வேண்டாம்.

இனி நூறு ரூபாய்க்கு வருவோம். சி. விஜயராகவாச்சாரியார் சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய இளைஞர். நகராட்சி மன்றத்தின் உறுப்பினர். 1882-இல் சேலத்தில் பெரும் மதக் கலவரம் மூண்டது. அதைத் தூண்டியவர்களில் ஒருவர் என்று அவர்மீது குற்றம் சாட்டப்பட்டுப் பத்தாண்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டது. அவர் மேல்முறையீடு செய்தார். சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வேறு யாராக இருந்தாலும் உயிர் தப்பியதே போதுமென்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் மாகாண அரசு இதற்கிடையில் அவரை நகராட்சி உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கியிருந்தது. அந்த உத்தரவை அவர் விடவில்லை.

நகராட்சிப் பதவி அன்று அவ்வளவு பெரிய பதவியன்று. தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிற மன்றம் அது. ஆனாலும், "ஆளுநரும் அவருடைய ஆலோசனை சபையும் போட்ட உத்தரவு சட்டப்படி செல்லுமா என்று நீதிமன்றம் கேட்கலாமா, கேட்கக் கூடாதா" என்பதுதான் உண்மையான கேள்வி என்பதை அந்த வழக்கறிஞர் உணர்ந்திருந்தார். கேட்கலாம் என்றது நீதிமன்றம். நீக்கம் செல்லாது என்றாயிற்று. உறுப்பினர் பதவி திரும்பியது. இந்தியாவுக்கான அமைச்சர் நூறு ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. அன்றைய நூறு ரூபாய்க்குச் சேலத்து மாம்பழம் எத்தனை கூடை வந்திருக்கும் என்று நானும் ஒரு மாலை முழுவதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விலை தெரியாமல் போட்ட கணக்கு என்பதால் அதை இங்கே சொல்லாமல் விடுகிறேன். தொகையை விட எனக்குப் பிடித்தது வேறு: ஓர் உள்ளூர் மனிதர் கேட்டதற்காகப் பேரரசு தன் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி எழுத வேண்டியதாயிற்று. பிற்காலத்தில், 1920-இல், நாகபுரி காங்கிரசுக்கு அவர் தலைமை தாங்கினார் என்பதைப் பலரும் அறிவார்கள். அதற்கு 36 ஆண்டுகளுக்கு முன் வந்த இந்தத் தீர்ப்பைச் சேலத்திலேயே எத்தனை பேர் அறிவார்கள்?

இன்று அரசின்மீது வழக்குத் தொடுக்கலாம் என்பதற்கு அரசியலமைப்பின் 300-ஆம் பிரிவே இடம் தருகிறது; உயர் நீதிமன்றத்தை அணுக 226-ஆம் பிரிவு, அடிப்படை உரிமை பறிபோனால் நேரே உச்ச நீதிமன்றம் செல்ல 32-ஆம் பிரிவு. ஓர் ஊராட்சித் தலைவரை நீக்க வேண்டுமானால்கூட, மாவட்ட ஆட்சியர் முதலில் நோட்டீஸ் அனுப்பி விளக்கம் கேட்க வேண்டும். வட்டாட்சியர் ஊராட்சி மன்றத்தைக் கூட்டி அதன் கருத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகே முடிவு.

சரி, ஊரிலிருந்து ஏற்காடு சாலையைப் பிடிப்போம். வழியில் அஸ்தம்பட்டியில் மத்தியச் சிறை வரும். அந்த மதில் சுவரைக் கடக்கும்போது எனக்குப் பேச்சு வருவதில்லை. 1950 பிப்ரவரி 11 அன்று, அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து பதினாறு நாள்களே ஆகியிருந்தபோது, அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். அடுத்த மாதத் தொடக்கத்தில் அதே சென்னை மாகாண அரசு, பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழ் மாகாணத்துக்குள் நுழையத் தடை விதித்தது. அதன் ஆசிரியர் ரமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் சென்றார். மே 26 அன்று தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. பேச்சுரிமைக்கு வரம்பிடும் அன்றைய 19(2)-ஆம் பிரிவு, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, ஒழுக்கக்கேடு போன்றவற்றைத் தவிர, அரசின் பாதுகாப்பையே குலைக்கும் பேச்சைத்தான் தடுக்க இடம் தந்தது. 'பொது ஒழுங்கு' என்ற அகலமான காரணம் அதில் இல்லை.

அரசு என்ன செய்தது தெரியுமா? தீர்ப்புக்குப் பணிந்தது, ஆனால் 1951-இல் மத்திய அரசு அரசியலமைப்பின் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து, 'பொது ஒழுங்கு' என்ற சொல்லை அந்தப் பிரிவில் சேர்த்துவிட்டது. கூடவே, கட்டுப்பாடுகள் 'நியாயமானவையாக' இருக்க வேண்டும் என்ற சொல்லும் சேர்ந்தது. முதலாவது சொல் அரசுக்குக் கிடைத்த சாவி என்றால், இரண்டாவது சொல் நீதிபதியின் கையில் இருக்கும் தராசு. அந்த இரண்டாவது சொல் இல்லாமல் போயிருந்தால் இந்தக் காணொளியை நான் கொஞ்சம் நடுங்கிக்கொண்டே பதிவு செய்திருப்பேன்.

இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே வந்தாயிற்று. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு: ஒன்று ஏற்காடு, மற்றொன்று சேந்தமங்கலம். ஆனால் சேர்வராயன் மலையில் வாழும் ஒருவர் தம் பிரதிநிதி வழியாக அல்லாமல் தாமே நேரில் கை உயர்த்தும் இடம் கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தேர்ந்தெடுக்கப்பட வேண்டியதில்லை, யாரும் நியமிக்கவும் வேண்டியதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் அது கூடும். வன உரிமைச் சட்டப்படி ஒருவர் நிலத்துக்கு உரிமை கோரினால், அந்தக் கோரிக்கையை முதலில் பெற்று விசாரிப்பதும் அங்குள்ள கிராம சபையே.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கிராம சபைக்குக் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது: மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். காப்பித் தோட்ட வேலை, மழை, ஒரு குக்கிராமத்திலிருந்து மற்றொன்றுக்கு நடக்க வேண்டிய தொலைவு ஆகியவற்றை நினைத்துப் பார்த்தால், மலையில் இருநூறு பேர் ஓரிடத்தில் கூடுவது எளிதன்று. அதனால்தான் எங்கே கூட்டம் என்பதைக் கேட்பதுகூட ஓர் அரசியல் கேள்வியாகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நடத்தாமல் குக்கிராமங்களுக்கிடையே சுழற்சியில் நடத்துங்கள் என்று கோர எந்த உறுப்பினருக்கும் தடையில்லை.

அடுத்த கிராம சபைக்கு நீங்கள் போனால் எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். வருகைப் பதிவேட்டில் எத்தனை கையொப்பங்கள் இருக்கின்றன, பந்தலில் எத்தனை தலைகள் இருந்தன என்று இரண்டையும் எண்ணி, ஊர்ப் பெயருடன் கீழே எழுதுங்கள். இரண்டு எண்களும் பொருந்தும் முதல் ஊருக்கு என் செலவில் ஒரு கூடை மாம்பழம். அதன் விலையை இம்முறை கேட்டுத் தெரிந்துகொண்டே சொல்கிறேன்.