ஒரு கஸ்டமர், நாலு பில்: மிஷின் மேல் தப்பில்லை!

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. துணிக்கடைக் கல்லாவில் அண்ணா பிரிண்ட் கொடுக்கிறார், பில் வரவில்லை. மறுபடி கொடுக்கிறார். மறுபடியும். மறுபடியும். "இன்னாண்ணா, பில்லு வருமா வராதா?" என்று வரிசை கத்துகிறது. கடுப்பில் மிஷின் தலையில் ஓங்கி ஒரு தட்டு. சர்ர்ர்... ஒரே பில் நாலு!

எல்லோரும் மிஷினைத் திட்டினார்கள். நான் மிஷின் கட்சி. அதன் மூடி சரியாக மூடாமல் இருந்தது, அவ்வளவுதான். சாஃப்ட்வேர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அது சொல்லியிருக்கும்.

பின்னணி ஒரு வரியில்: பில் பிரிண்டர்களில் பெரும்பாலானவை எப்சன் கம்பெனி கொண்டுவந்த இஎஸ்சி/பிஓஎஸ் என்ற கட்டளைத் தொகுப்பைப் புரிந்துகொள்ளும். சரி, முடிந்தது.

இப்போது எனக்குப் பிடித்த இடம். அனுப்பிய பில்லெல்லாம் பிரிண்டரின் பஃபரில், அதாவது தற்காலிக நினைவகத்தில், வரிசை கட்டி நிற்கிறது. அப்படியென்றால் "உனக்கு என்ன ஆச்சு?" என்ற கேள்வியும் வரிசையின் வாலில்தானே போய் நிற்கும்? நிற்காது! எம்.சி. ரோட்டில் மீன்பாடி வண்டி குறுக்கே மாட்டி எல்லாம் உறைந்து நிற்கும்போது, டீ கிளாஸ்களைத் தூக்கிக்கொண்டு ஒருவர் மட்டும் சந்தில் புகுந்து முன்னால் போய்விடுவாரே, பார்த்திருக்கிறீர்களா? அவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்கும் இந்த மூன்று பைட்டுகள், அதாவது மூன்று எண்கள்.

[திரையில் பெரிதாக: 16, 4, 2]

பிரிண்டர் ஆஃப்லைனில், அதாவது அடிக்க முடியாமல் நின்றுபோய், இருந்தாலும் இதற்கு உடனே பதில் வரும், ஒரே பைட்டில். 18 என்றால் நலம். மூடி திறந்திருந்தால் 4 கூடி 22. பேப்பர் தீர்ந்து நின்றால் 32 கூடி 50. இரண்டும் சேர்ந்தால்? கூட்டிப் பார்த்து கமென்டில் போடுங்கள்.

இதில் ஒரு கூத்து: கடை லோகோ படத்தின் புள்ளிகளைக் குறிக்கும் எண்கள் தற்செயலாக 16, 4, 2 என்று அமைந்துவிட்டால், யாரும் கேட்காமலே பிரிண்டர் பதில் சொல்லிவிடும்!

கேட்டுக்கொண்டே இருக்க அலுப்பா? ஏஎஸ்பி (ஆட்டோமேட்டிக் ஸ்டேட்டஸ் பேக்) வசதியை இயக்கினால், நிலை மாறும்போதெல்லாம் பிரிண்டரே தகவல் அனுப்பும்.

சரி, மீட்பது எப்படி? எழுத்தை அடிக்கும் ஹெட் சூடாகி நின்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், ஆறியதும் தானே வரும். பில்லை வெட்டும் கட்டரில் பேப்பர் மாட்டினால், சிக்கை எடுத்துவிட்டு 16, 5, 1 அனுப்பலாம். நின்ற வரியிலிருந்து தொடரும். 16, 5, 2 அனுப்பினால் பஃபரைத் துடைத்துவிட்டு எழுந்திருக்கும். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். கிழிந்த பாதி பில்லை யார் கையில் கொடுப்பது? துடைத்துவிட்டு, மேலே 'மறுபிரதி' என்று போட்டுப் புதிதாக அடியுங்கள்.

அந்தக் கடைக்கு நாங்கள் செய்தது சின்ன வேலை: ஒவ்வொரு பில்லுக்கு முன்னும் கேள், 18 வராவிட்டால் அனுப்பாதே, காரணத்தைத் திரையில் காட்டு. மூடியைத் திறந்துவைத்து அண்ணாவை பிரிண்ட் கொடுக்கச் சொன்னோம். 'பிரிண்டர் மூடி திறந்திருக்கு' என்று சிவப்பில் வந்தது. நிதானமாகப் படித்தார். அப்புறம் பழக்க தோஷத்தில் மிஷின் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

மூடி மூடிக்கொண்டது. பில் வந்தது. ஒன்றே ஒன்று.