பொய்யனுக்கு உடலே சாட்சி

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, சிறுபோக அறுவடைக் களைப்பு ஆறுமுன்னரே இந்த வாசிகசாலை முற்றத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் ஒட்டுசுட்டான் ஊரவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

‘ஒற்றன் காரக் மனச்சாட்சி உள்ளவனா, அற்றவனா’ என்பது இன்று உங்கள்முன் உள்ள வழக்கு. உள்ளவனே என்று வாதிட நான் எழுந்திருக்கிறேன். கடந்த சில மாதங்களாக ஞாயிறு மாலைகளில் இந்தச் சுவரில் கட்டிய வெள்ளைச் சீலையில் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரைப் பார்த்தவர்களுக்கு அவனை அறிமுகம் செய்யத் தேவையில்லை. இன்று மட்டும் வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1993 முதல் 1999 வரை ஏழு பருவங்கள் ஒளிபரப்பான, ஸ்டார் ட்ரெக் வரிசையைச் சேர்ந்த தொடர் அது. பஜோர் என்னும் உலகைப் பல்லாண்டுகள் ஆக்கிரமித்திருந்த கார்டாசியர்கள், அந்த மக்களை அடிமைகளாக்கிக் கனிமம் பிரித்தெடுத்த ஒரு விண்நிலையம், ஆக்கிரமிப்பு முடிந்தபின் கூட்டமைப்பின் பொறுப்புக்கு வருகிறது. (பின்வரிசையில் சிரிக்க வேண்டாம், நான் சொல்வது நம் அரசியல் கட்சிகளின் கூட்டமைப்பை அன்று, விண்வெளிக் கூட்டமைப்பை.) கார்டாசியர்கள் எல்லோரும் வெளியேறிய பிறகும் அங்கே ஒருவன் மட்டும் தையற்கடை வைத்துக்கொண்டு தங்கியிருக்கிறான். அவன்தான் காரக். ஒப்சிடியன் ஓடர் என்னும் கார்டாசிய உளவு அமைப்பில் ஒருகாலத்தில் பெரிய கையாக இருந்து, பின்னர் நாடுகடத்தப்பட்டவன். ஏன் நாடுகடத்தப்பட்டான் என்பதற்கு நேரான விடையைத் தொடர் கடைசிவரை தரவேயில்லை.

எதிரணித் தலைவர் தமது உரையில் அவனைக் காக்கை வன்னியன் என்றார். இங்கிருந்து சிறிது தூரத்தில், கற்சிலைமடுவில், 1803 ஒக்டோபர் 31 அன்று ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் ட்றிபேர்க் வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று பொறித்த நினைவுக்கல்லை எடுத்துக்காட்டி, மன்னனைக் காட்டிக்கொடுத்த அந்தக் காக்கை வன்னியன் போன்றவனுக்கு மனச்சாட்சி எங்கிருந்து வரும் என்று கேட்டார். அவையில் கைதட்டல் எழுந்தது. எழாமல் இருக்குமா? அந்தப் பெயரைச் சொன்னால் இந்த ஊரில் குழந்தைகளும் முகம் சுளிப்பார்கள். ஆனால் கைதட்டல் வேறு, சான்று வேறு. காட்டிக்கொடுத்தவன் என்ற சொல் ஒருவன்மீது எவ்வளவு எளிதாக ஒட்டும், ஒட்டியபின் எத்தனை தலைமுறைக்குக் கழுவ முடியாமல் நிற்கும் என்பதை எம்மைவிட நன்றாக அறிந்த அவை எங்கும் இராது. ஆகவே அந்த ஒப்பீட்டை நான் பிறகு விரிவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு சிக்கல். வழக்கென்றால் சாட்சி வேண்டும். காரக்கின் வாயைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. அவன் உண்மை பேசும்போதும் அது பொய்போலவே ஒலிக்கும்படி பேசுகிறவன். எதிரணியின் மூன்று பேச்சாளர்களும் அவனது வாய்மொழிகளையே அடுக்கி, பாருங்கள், இதற்கு ஒரு வருத்தம் உண்டா என்று கேட்டார்கள். பொய்யனின் வாய்மொழியை வைத்து அவனுக்கு வருத்தம் இல்லை என்று தீர்ப்பது எந்த ஊர் நீதி?

நான் ஒரு தையற்காரரின் மகள். புதுக்குடியிருப்பில் அப்பா தையற்கடை வைத்திருந்த காலத்தில், அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வந்தவரின் பின்னால் நின்று இரு தோள்களிலும் உள்ளங்கையை ஒருமுறை வைத்துப் பார்ப்பார். பிறகு, “தம்பி, மூட்டை இடப்பக்கமே தூக்குறனீர்?” என்று கேட்பார். கேட்கப்பட்டவர் திகைப்பார். இடத்தோள் அரை விரற்கடை தாழ்ந்திருப்பதை அவரே அறிந்திருக்க மாட்டார். ஆனால் சட்டை தைக்கிறவர் அறிய வேண்டும், இல்லாவிட்டால் கழுத்துப்பட்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். காரக் முதன்முதலில் திரையில் தோன்றும் காட்சியில், இளம் வைத்தியர் பஷீரின் பின்னால் நின்று அவரது இரு தோள்களிலும் கை வைத்ததைக் கண்டபோது, நான் அப்பாவைத்தான் நினைத்தேன். அதே முறையில் அவனையும் அளப்போம். வாய் கிடக்கட்டும். உடல் என்ன சொல்கிறது?

இரண்டாம் பருவத்தில் அவன் தலைவலியால் துடித்து விழுகிறான். அவனது மூளைக்குள் ஒரு சிறு கருவி இருக்கிறது. எதிரியிடம் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளானால் வலி தெரியாமல் இன்பம் ஊட்டுவதற்காக, உளவு அமைப்பின் தலைவன் எனப்ரன் டெய்ன் வைப்பித்த கருவி. காரக்கை எவரும் சித்திரவதை செய்யவில்லை. ஆயினும் அந்த நிலையத்தில் வாழ்வதே அவனுக்கு வதையாக இருந்தபடியால், முதலில் நாளுக்குச் சில நிமிடங்கள் என்று தொடங்கி, கடைசியில் ஈராண்டுகள் அதை அணைக்காமலே ஓட விட்டிருக்கிறான். கருவி பழுதாகிறது, உயிர் போகும் நிலை வருகிறது. மனச்சாட்சி இல்லாத ஒருவன் நல்ல கடையும், நாள்தோறும் உரையாட ஒரு வைத்தியரும், வேளைக்கு உணவும் உள்ள இடத்தில் வலிநீக்கி தேடுவானேன்? வீட்டை நினைத்த ஏக்கம் என்று எதிரணியினர் சொல்லலாம். பாதி அதுதான். மற்றப் பாதியை அடுத்து அவன் சொல்லும் கதைகளில் பார்க்கலாம்.

சாவை எதிர்நோக்கிக் கிடந்தபடி, தான் நாடுகடத்தப்பட்ட காரணம் என்று வைத்தியரிடம் மூன்று கதைகள் சொல்கிறான். ஒன்றில், தப்பியோடும் பஜோர் கைதிகள் ஏறியிருந்த ஓடத்தைத் தன் நாட்டவர் 97 பேரோடும் அழித்தவன். இன்னொன்றில், பசித்த பஜோர் சிறுவர்களை விசாரிக்காமல் விட்டுவிட்டவன். மூன்றாவதில், ஆருயிர் நண்பனை மாட்டிவிடப் பார்த்து, நண்பன் முந்திக்கொண்டதால் தானே மாட்டியவன். மூன்றிலும் ஈலிம் என்ற அந்த நண்பன் வருகிறான். முதற்கதையில் ஓடத்தோடு சாகிறவனும் அவனே. வைத்தியர் டெய்னைத் தேடிப்போய் விசாரித்தால், ஈலிம் என்பது காரக்கின் முதற்பெயர் என்று தெரியவருகிறது. இதை எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் ஏமாற்றுக் கலையின் உச்சம் என்று நகைத்தார். நான் அந்த இடத்தில் வாயடைத்துப்போனேன். பிறரை ஏமாற்றுவதற்காகப் பொய் சொல்கிறவன் தன்னை நல்லவனாக்கிக்கொள்வான். நாம் அறிந்த பொய்யர்கள் எல்லோரும் அப்படித்தான். இவனோ பொய்க்குள்ளும் தன் பெயரைக் கொண்டுவந்து நிறுத்தி, அதைக் கொல்கிறான், அதன் கையால் அழிகிறான். கதைகளைச் சொல்லி முடித்ததும் அவன் வைத்தியரிடம் கேட்டது மருந்தன்று. எவராவது ஒருவர் தன்னை மன்னித்தார் என்று அறிந்துகொண்டு சாக வேண்டும் என்கிறான். வைத்தியர், எதைச் செய்தான் என்று அறியாமலே மன்னிக்கிறார்.

அடுத்து, ஓடோவின் விசாரணை. எதிரணியினர் மிகவும் நம்பியிருந்த படைக்கலம் இது. நானும் அதை மெழுகிவிட்டுப் போகமாட்டேன். டெய்ன் மீண்டும் தன்னைச் சேர்த்துக்கொள்வான் என்ற ஆசையில், காரக் நிலையத்தின் காவல் தலைவரும் உருமாறும் உயிரியுமான ஓடோவை, உருமாறிகளைத் தாக்கப் புறப்பட்ட டெய்னுக்காக விசாரிக்கப் பொறுப்பேற்கிறான். ஓடோ பதினாறு மணிநேரத்துக்கு ஒருமுறை நீர்மமாக உருகி ஓய்வெடுத்தாக வேண்டியவர். உருமாற விடாமல் தடுக்கும் கருவியை இயக்கிவிட்டு அவர்முன் கதிரையில் உட்காருகிறான் காரக். நேரம் கடக்கக் கடக்க, ஓடோவின் தோல் கோடையில் வெடித்த வயல்போலப் பிளந்து செதில் செதிலாக உதிர்கிறது. இது சித்திரவதை. இதற்கு வேறு பெயர் கிடையாது, நான் தேடவுமில்லை.

ஆனால் விசாரிப்பவனைப் பாருங்கள். ஒருகாலத்தில் வேறொரு வைத்தியரை நான்கு மணிநேரம் வெறுமனே உற்றுப்பார்த்தே உண்மையைக் கக்க வைத்தவன் என்று பெருமை பேசியவன், இப்போது கைதியிடம் கெஞ்சுகிறான். ஏதாவது சொல்லுங்கள், பொய்யாக இருந்தாலும் போதும் என்று குரல் உடைந்து மன்றாடுகிறான். கடைசியில் ஓடோ, தன் இனத்தாரிடம் திரும்பிப் போக வேண்டுமென்ற ஆசை தனக்குள் இருப்பதை ஒப்புக்கொள்கிறார். அது அவர் எவரிடமும் சொல்லாத செய்தி. காரக் உடனே கருவியை நிறுத்துகிறான். டெய்னிடம் போய், ஓடோவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்கிறான். வீடு திரும்ப அவனிடம் இருந்த ஒரே கட்டணச்சீட்டு அந்தச் செய்தி. அதை அவன் கொடுக்கவில்லை. பின்னர் கருகிக் கிடந்த தையற்கடையில் (அதை வெடிவைத்துத் தகர்த்தவனும் அவனேதான்) ஓடோ வந்து நின்று, ஒருநாள் சேர்ந்து காலையுணவு உண்போம் என்கிறார். வதைபட்டவரே முன்வந்து உணவுக்கு அழைக்கிறார். நாம் இங்கே கதிரைகளில் இருந்துகொண்டு, வதைபட்டவரைவிடக் கடுமையாகத் தீர்ப்பளிக்க நிற்கிறோம்.

இனி, காக்கை வன்னியன். உருமாறிகள் ஆளும் டொமினியன் என்னும் பேரரசோடு கூட்டமைப்பு நடத்திய போரில் கார்டாசியா எதிரிப் பக்கம் சேர்ந்துகொள்கிறது. காரக் கூட்டமைப்புக்காகத் தன் நாட்டின் இரகசியச் செய்திகளை உடைத்துப் படித்துக் கொடுக்கிறான். எதிரணித் தலைவர் சொன்ன குற்றம் இதுதான். செயலளவில் நான் மறுக்கவில்லை. ஏழாம் பருவத்தில், அந்த வேலையின் நடுவே அவனுக்கு மூச்சுத் திணறுகிறது. சுவர்கள் நெருங்கிவருவதுபோல் ஆகி விழுந்துவிடுகிறான். சிறுவயதில் டெய்ன் தண்டனையாக அலுமாரிக்குள் பூட்டிவைத்ததால் வந்த அச்சம் என்று முதலில் அவனே ஒரு விளக்கம் தருகிறான். டெய்ன் அவனது தந்தை என்பதும், சாகும் தறுவாயில்தான் அந்த மனிதர் அதை ஏற்றுக்கொண்டார் என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த விளக்கம் உண்மை, ஆனால் போதாது. தான் உடைக்கும் ஒவ்வொரு செய்தியும் தன் மக்களைக் கொல்லப் பயன்படுகிறது என்ற எண்ணமே அவனது கழுத்தை நெரித்தது என்பது பின்னர் தெரியவருகிறது. டொமினியனின் பிடியிலிருந்து கார்டாசியாவை மீட்க இதுதான் வழி என்று அவனது அறிவு சொல்கிறது. நுரையீரல் கேட்க மறுக்கிறது.

நான் சிறுவயது முதல் பார்த்த பண்டாரவன்னியன் நாடகங்கள், கூத்துகள் எதிலும் காக்கை வன்னியனுக்கு மூச்சுத் திணறியதாக எந்த அண்ணாவியாரும் பாடியதில்லை. அவன் வழிகாட்டினான், விலை வாங்கினான், போனான். நடுவர் அவர்களே, எதிரணித் தலைவரின் ஒப்பீடு செயலோடு நின்றுவிடுகிறது. இன்றைய தலைப்போ செயலைப் பற்றியதன்று.

ரொமுலன் செனட்டர் கொலைக்கு வருகிறேன். இதற்கு மட்டும் என் அணியின் முதற்பேச்சாளரோடு எனக்கு உடன்பாடில்லை. அண்ணன் பொறுத்துக்கொள்ள வேண்டும். நிலையத்தின் தளபதி கப்டன் சிஸ்கோ, போரில் சேராமல் ஒதுங்கி நின்ற ரொமுலன்கள் என்னும் இன்னொரு இனத்தாரைப் போருக்குள் இழுக்கப் போலிச் சான்று ஒன்றைத் தயாரிக்கக் காரக்கை நாடுகிறார். வந்து பார்த்த செனட்டர் வ்ரீனாக் அது போலி என்று கண்டுபிடிக்கிறார். அவர் திரும்பிப்போகும் ஓடம் வெடிக்கிறது. போலியைச் செய்துகொடுத்தவனும் பிணமாகிறான். பழி டொமினியன்மீது விழுகிறது, ரொமுலன்கள் போரில் இறங்குகிறார்கள். அண்ணன் வள்ளுவரைத் துணைக்கு அழைத்து, நன்மை பயந்தால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்றார். வள்ளுவர் வெறும் நன்மை என்று சொல்லவில்லை. ‘புரைதீர்ந்த நன்மை’ என்றார். குற்றமற்ற நன்மை. இரண்டு கொலைகளின் மேல் நிற்கும் நன்மைக்கு அந்த அடைமொழி பொருந்தாது. ஒற்றாடலுக்கென்று தனி அதிகாரமே வகுத்தவர் அவர். சொல்லை அளந்துதான் வைத்திருப்பார்.

ஆகவே அது கொலை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால், மனச்சாட்சி உள்ளவன் கொலை செய்யமாட்டான் என்ற விதியை வகுத்தவர்கள் எதிரணியினர். தமிழ் அப்படி வகுக்கவில்லை. அது மனச்சாட்சி, மனக்காவல் அன்று. சாட்சி நிற்கிறவர் களவைத் தடுப்பவர் அல்லர். களவு நடந்ததைக் கண்டவர், கேட்டால் சொல்கிறவர். சிஸ்கோ சினத்தோடு வந்து காரக்கை அடித்து வீழ்த்துகிறார். காரக் திருப்பி அடிக்கவில்லை, தான் செய்யவில்லை என்று மறுக்கவுமில்லை. ஒரு செனட்டரின் உயிர், ஒரு குற்றவாளியின் உயிர், ஒரு படை அதிகாரியின் தன்மதிப்பு என்று விலையை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லுகிறான். அது மலிவு என்றும் சொல்கிறான், அதை நான் மறைக்கவில்லை. இருப்பினும் விலை இருந்தது என்பதை அவன் அறிவான். பின்னர் முழுக் கதையையும் தன் பதிவேட்டில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பிறகு அந்தப் பதிவையே அழித்தவர் சிஸ்கோ. எல்லோரும் நல்லவர் என்று கொண்டாடும் மனிதர்.

நான்காம் பருவத்தின் முடிவில், உருமாறிகளின் உலகையே அழிக்க முயன்று ஆறு மாதம் சிறைப்பட்டதையும் எதிரணியினர் சொன்னார்கள். அதற்கு முன்பு அவன் கேட்ட ஒரே கேள்வி, அந்த உருமாறிகளோடு நடந்த போரில் காணாமற்போன கார்டாசியர்களில் எவராவது உயிரோடு இருக்கிறார்களா என்பதுதான். எவருமில்லை என்ற விடை கிடைத்தது. காணாமற்போனோரைப் பற்றிக் கேட்டு அப்படியொரு விடை பெற்றவன் என்ன செய்வான் என்பதைப் பற்றி இந்த அவையில் நான் நீட்டிப் பேசத் தேவையில்லை.

கடைசிப் பகுதியில் அவன் கார்டாசியாவுக்குத் திரும்புகிறான். டெய்னின் வீட்டைப் பராமரித்த மீலா ஒளித்துவைத்த வீட்டின் நிலவறைக்குள் இருந்து எதிர்ப்பை நடத்துகிறான். மூடிய அறைக்கு அஞ்சுகிறவன் நிலவறையில் இருக்கிறான் என்பதைக் கவனியுங்கள். மீலா கொல்லப்படுகிறாள். போர் முடியும்போது எண்பது கோடிக் கார்டாசியர்கள் இறந்திருக்கிறார்கள். நாடுகடத்தல் முடிந்தது, திரும்பிவர நினைத்த நாடு இல்லை.

ஒன்றை மட்டும் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். அதே முடிவில், கையில் ஆயுதம் எதுவுமின்றி நின்று ஏளனம் பேசிய, டொமினியனின் பிரதிநிதி வெயூனை அவன் சுடுகிறான். வெயூனின் நகலுடல்களில் அதுவே கடைசி என்று கேள்விப்பட்டபோது, அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன் என்கிறான். அங்கே கை நடுங்குகிறதா, மூச்சு மாறுகிறதா என்று பார்க்க அந்த இடத்தை இரண்டுமுறை பின்னோக்கிப் போடச் சொன்னேன். ஒன்றும் தெரியவில்லை. மணி அடிப்பதற்குள் அமர்கிறேன், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.