ஸ்லௌஸ்: ஒரு நீர்க்கதவின் சொற்கதை

நண்பர்களே, டச்சு மொழியில் 'ஸ்லௌஸ்' என்று ஒரு சொல் உண்டு. தண்ணீரை அடைத்துத் திறக்கும் மதகுக்கும் அதுதான் பெயர். கப்பலை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் தொட்டிக்கும் அதுதான் பெயர். நெதர்லாந்தில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. ஸ்லௌஸ் இல்லாமல் அங்கே பிழைப்பே இல்லை.

பழைய வடிகால் மதகு ஒன்றைப் பாருங்கள். இரட்டைக் கதவுகள், கடல் பக்கம் முனை நீட்டிச் சேரும். கடல் ஓதம் இறங்கும்போது, அதாவது கடல்நீர் மட்டம் தாழும்போது, உள்ளே தேங்கிய தண்ணீர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவிடும். ஓதம் ஏறினால் கடலே கதவை அழுத்திச் சாத்திவிடும். ஆளே வேண்டாம்!

சரி, சொல்லுக்கு வருவோம். லத்தீனில் 'க்ளௌதெரே' என்றால் சாத்துவது. முன்னால் 'எக்ஸ்' சேர்ந்தால், வெளியே நிறுத்திச் சாத்துவது. அதில் பிறந்தது 'எக்ஸ்க்ளூசா'. சாலிக் ஃபிராங்க் என்ற ஜெர்மானிய இனத்தாரின் பழைய சட்டத்தில் அது 'ஸ்க்ளூசா' ஆகிவிட்டது. அடுத்தவனுடைய மாவு ஆலையின் நீரணையை உடைத்தவனுக்கு அங்கே அபராதம் உண்டு. பழைய பிரெஞ்சில் 'எஸ்க்ளூஸ்'. டச்சுக்காரர்கள் முதல் எழுத்தையும் நடுவிலிருந்த 'க்'கையும் உதிர்த்து 'ஸ்லூஸ' என்றார்கள். 'ஹூஸ்' என்ற வீடு 'ஹௌஸ்' ஆனபோது இதுவும் ஸ்லௌஸ் ஆயிற்று.

இங்கே ஒரு மயக்கம் வரும். 'சாத்து' என்பதற்கு டச்சில் 'ஸ்லௌட்டன்'. அதிலிருந்துதான் ஸ்லௌஸ் வந்தது என்று தோன்றும். இல்லை. ஸ்லௌட்டன் ஜெர்மானியக் குடும்பத்துச் சொந்தச் சொல். ஸ்லௌஸ் பிரெஞ்சு வழியாக வந்த விருந்தாளி. ஆனால் விருந்தாளி வீட்டுக்காரராகிவிட்டார்: ரஷ்யர்கள் 'ஷ்லியூஸ்' என்ற சொல்லை எடுத்தது லத்தீனிலிருந்து அல்ல, டச்சிலிருந்துதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த சாட்சி சைமன் ஸ்டெவின், 1548-இல் புரூஜ் நகரில் பிறந்த பொறியாளர். அறிவியலுக்கு டச்சைவிடச் சிறந்த மொழி கிடையாது என்று வாதாடியவர். ஐரோப்பாவின் பெரும்பாலான மொழிகள் கணிதத்துக்கு 'மாத்தமேட்டிக்' வகைப் பெயரையே வைத்திருக்க, அவர் 'விஸ்கோன்ஸ்ட்' என்று தூய டச்சில் பெயர் வைத்தார். இன்றைய 'விஸ்குண்ட' அதன் வழியில் வந்ததுதான். அப்படிப்பட்டவர் 1617-இல் மதகுகளைக் கொண்டு கோட்டையைக் காக்கும் முறை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பில் அவர் போட்ட சொல் 'ஸ்பில்ஸ்லௌஸ்', அதாவது சுழல் மதகு. அதற்கு மாற்றுச் சொல் தேட வேண்டும் என்று அவருக்கே தோன்றவில்லை.