சீனியர் என்றால் எவ்வளவு சீனியர்?

(திரையில்: இரண்டு ஆஃபர் லெட்டர்கள், பக்கத்தில் பக்கத்தில்)

ஒருவர் 'சீனியர் சாஃப்ட்வேர் இன்ஜினியர்'. வேறு நிறுவனத்துக்கு மாறுகிறார். புதிய ஆஃபரில் சம்பளம் அதிகம், ஆனால் 'சீனியர்' என்ற சொல்லைக் காணோம். இது உயர்வா, இறக்கமா?

லத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'வயதில் மூத்தவர்' என்றுதான் பொருள். யாரைவிட மூத்தவர் என்பதை அது சொல்வதில்லை. சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

(திரையில்: மூன்று ஏணிகள்)

பட்டம் தவிர, நிறுவனங்கள் உள்ளே ஒவ்வொருவருக்கும் ஒரு படி எண் வைத்திருக்கின்றன; அதுதான் லெவல், சுருக்கமாக 'எல்'. கூகுளில் புதிதாகப் படித்து முடித்து வருபவர் எல்3. சீனியர் என்பது எல்5. அமேசானில் தொடக்கமே எல்4, அங்கே எல்5 இன்னும் சீனியர் ஆகவில்லை; எல்6 வரை ஏற வேண்டும். மைக்ரோசாஃப்டில் 63, 64 என்ற எண்களில் இருப்பவர்கள் சீனியர். எண்ணை வைத்து ஒப்பிடலாம் என்று நினைத்திருந்தால் அதுவும் போச்சு.

'பிரின்சிபல்' இன்னும் வேடிக்கை. மைக்ரோசாஃப்டிலும் அமேசானிலும் சீனியருக்கு அடுத்த படியே பிரின்சிபல். கூகுளில் நடுவே ஸ்டாஃப், சீனியர் ஸ்டாஃப் என்று இரண்டு படிகள் இருக்கின்றன. 'அடுத்த படிதானே' என்று அமேசானில் இருப்பவரிடம் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு படியில் பல ஆண்டுகள் நிற்பவர்கள் உண்டு.

நெட்ஃப்ளிக்ஸில் 2022 வரை பொறியாளர்களுக்குப் பெரும்பாலும் ஒரே பதவிப் பட்டம்: சீனியர். எல்லோரும் சீனியர் என்றால் அந்தச் சொல் யாரையும் பிரித்துக் காட்டாது. மெட்டா நேர் எதிர். அங்கே லெவல் உண்டு, ஆனால் பட்டத்தில் தெரியாது. வெளியே எல்லோரும் வெறும் 'சாஃப்ட்வேர் இன்ஜினியர்'.

ஏன் இப்படி? சம்பள உயர்வுக்குப் பணம் வேண்டும், பட்டத்துக்கு வேண்டாம். விலகப் போகிறவரை நிறுத்த அதுதான் மலிவான வழி. வாடிக்கையாளருக்கு ஆள் அனுப்பி மணிக்கணக்கில் பில் போடும் நிறுவனங்களில் வேறொரு கணக்கு: பட்டம் ஏறினால் பில்லும் ஏறும். ஐந்து பேர் உள்ள ஸ்டார்ட்அப்பில் இரண்டு வருட அனுபவக்காரர் சீனியர் ஆகிறார். அது பொய்யும் இல்லை. அங்கே அவருக்கு மேல் யாரும் இல்லையே!

வருடக் கணக்கும் உதவாது. ஒரே வேலையைப் பத்து வருடம் திரும்பத் திரும்பச் செய்தவரும் இருப்பார். நேர்காணலில் நான் கவனிப்பது வேறு: தெளிவில்லாத ஒரு பிரச்சினையைக் கொடுத்தால், என்ன செய்வது என்று இவரே முடிவெடுப்பாரா? அந்த முடிவு தப்பானால் எத்தனை டீம்களுக்கு வலிக்கும்? இதைக் கேட்டால் பட்டம் தானாக ஓரமாக ஒதுங்கிவிடும்.

(திரையில்: புதிய ஆஃபர் லெட்டர் மீண்டும்)

சரி, அந்த ஆஃபர்? கையெழுத்துப் போடுவதற்கு முன் எச்ஆரிடம் கேளுங்கள்: என் லெவல் எது, அதற்கு மேல் எத்தனை படி, அடுத்த படிக்கு என்ன எதிர்பார்க்கிறீர்கள்? அதைச் சேர்வதற்கு முன் பேசிவிட வேண்டும். சேர்ந்த பிறகு லெவல் மாற, அடுத்த ப்ரமோஷன் வரை காத்திருக்க வேண்டியதுதான்.